மெத்தைக்கு ஏற்ற கால்

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். அந்த மெத்தைக் கடையில் ஆளும் வேண்டாம், ஆடையும் வேண்டாம், செருப்பு போதும். "நல்ல துணி இரவல் கிடைக்கும். செருப்பை எவனும் இரவல் வாங்க மாட்டான்" என்பது மேலாளரின் வேதவாக்கு. பளபளக்கிற செருப்பு என்றால், "படுத்துப் பாருங்க மேடம்" என்று தலையணையைத் தட்டிப் போட வேண்டும். தேய்ந்த செருப்பு என்றால், பின்பக்கம் சுருட்டி வைத்திருக்கும் நுரை மெத்தைகளுக்குக் கைகாட்டிவிட வேண்டும்.

விற்பனைப் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே இவள் இதில் கைதேர்ந்துவிட்டாள். இவளை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரத் துணி தூக்கித் தூக்கியே அக்காவின் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"ஒரு தடவை எங்க மெத்தையில வந்து படுத்துப் பாருக்கா" என்று இவள்தான் நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னை அந்த யூனிஃபார்ம்ல பார்த்தாலே என் வலி போயிடும்டி" என்று அக்கா சிரித்தாள்.

அன்று, அரை மணி நேரம் புரண்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போன சீமாட்டி ஒருத்தி கசக்கிய விரிப்பை இவள் குனிந்து நீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மேலாளர். கட்டிலோரம் இரண்டு கால்கள் வந்து நின்றன. தேய்ந்த செருப்பு, வாரில் நூல் தையல். ஒரு கை மெத்தையை மெல்ல அழுத்திப் பார்த்தது.

"கை வைக்காதீங்கம்மா, அழுக்காயிடும். உங்களுக்கு ஆகுறது பின்னாடி இருக்கு."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். அக்கா.

அக்காவின் பார்வை மேலாளர் பக்கம் ஒருமுறை போய்வந்தது. "சரிங்க மேடம்" என்றாள், முன்பின் தெரியாதவள் போல. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

இவள் கூப்பிட வாயைத் திறந்தாள்.

"யாரும்மா அது, தெரிஞ்சவங்களா?" என்றார் மேலாளர்.

"இல்ல சார்" என்றது பாழும் வாய்.

"பரவாயில்லையே, முகத்தைப் பார்க்காமலே ஆளை எடை போட்டுட்ட. தேறிட்டம்மா."

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. அப்போதுதான் அந்தத் தையல் இவளுக்கு உறைத்தது. பச்சை நூல். இந்த வேலைக்கு ஆள் எடுத்த அன்று, அறுந்த வாரை அவசர அவசரமாக இவளே தைத்தது. முதல் சம்பளத்தில் புதுச் செருப்பு வாங்கியதும் இவள் குப்பையில் போட்டதை, "நல்லாத்தானேடி இருக்கு" என்று அக்கா எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.