ஆறு கம்பிகள் நின்ற மாடி

மாடி ஒழுகலை அடைக்க வந்த அய்யப்பன் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போன மூன்று ஷீட் துண்டுகளையும் துவைக்கிற கல்லின் மேல் வரிசையாக வைத்து, ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் எண் போட்டுப் பார்த்தார் ஞானபூரணி டீச்சர். கறுப்புத் தார் ஷீட்டில் சிவப்பு எடுக்கவில்லை. உள்ளே போய் ஒரு சாக்பீஸ் எடுத்து வந்தார். ஒன்று, தாரில் தோய்த்த சணல் துணி. இரண்டு, மேலே மெழுகுத்தாள் போல ஏதோ ஒட்டிய மெல்லிய ஷீட். மூன்றாவது கொஞ்சம் தடிப்பு; ஒரு முகம் கறுப்பு, மறுமுகத்தில் சாக்லேட் சுற்றி வருகிற வெள்ளித்தாள் போலப் பளபளத்தது. பகல் முழுக்க வெயிலில் காய வேண்டும், சாயங்காலம் வாளித் தண்ணீரில் ஊற வேண்டும், காலையில் எடுத்து மடக்கிப் பார்க்க வேண்டும். இப்படி ஒரு வாரம். இருபது வருஷமாகப் பிள்ளைகளின் தட்டச்சுத் தாள்களில் ஒரு புள்ளி விட்டுப்போனால்கூடக் கண்டுபிடித்து வட்டம் போட்ட கண்கள் அவருடையவை. விற்கிறவன் சொல்கிறான் என்பதற்காக எதையும் ஒத்துக்கொண்டு பழக்கமில்லை.

செக்காலை ரோட்டில் டீச்சருக்குச் சொந்தமான கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மருந்துக்கடையும் ஒரு பாத்திரக்கடையும் இருந்தன. மேல்தளத்தில் டீச்சரும் அவருடைய கணவர் அருள்பிரகாசமும் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அருள்பிரகாசம் இறந்து எட்டு வருஷம் ஆயிற்று. டீச்சர் தனியாளாக நடத்திப் பார்த்தார். பிள்ளைகள் வருவது குறைந்துகொண்டே போய், தொண்ணூற்றாறில் கடைசி மெஷினுக்கும் உறை போட்டாயிற்று. இப்போது சித்ரா வந்து அந்த மேல்தளத்தை வாடகைக்குக் கேட்கிறாள். பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இவரிடம் லோயரும் ஹையரும் முடித்த அதே சித்ரா. ஆவணியில் அங்கே கம்ப்யூட்டர் சென்டர் திறக்க வேண்டுமாம். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: மேலேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கக் கூடாது.

ஆனால் மொட்டைமாடி ஒழுகியது. ஐப்பசி பிறந்தால் நாலு இடத்தில் வாளி வைக்க வேண்டியிருந்தது. கட்டும்போது பதித்த தட்டோடுகள் வெடித்து, இடுக்கெல்லாம் புல் முளைத்திருந்தது. மறுபடி தட்டோடே பதித்துவிடலாம் என்றுதான் டீச்சர் முதலில் நினைத்தார். தட்டோடு என்றால் மாடியில் நடக்கலாம், வற்றல் காயப் போடலாம், நாலு பேர் உட்கார்ந்து பேசலாம். அய்யப்பன்தான் வேண்டாம் என்றான். தளத்திலேயே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடுகிறது, மேலே இன்னும் பாரம் ஏற்றுவது சரியில்லை, பழசைப் பெயர்த்துவிட்டு ஷீட் ஒட்டுவதுதான் நல்லது என்று சொன்னான். சொல்லிவிட்டு, மாடி நடுவில் நின்ற இரும்புக் கம்பிகளில் ஒன்றைப் பிடித்து ஆட்டினான். அடியில் கரகரவென்று சத்தம் கேட்டது.

"டீச்சரம்மா, எந்த ஷீட்ட வேணும்னாலும் போடுங்க. ஆனா இந்த ஆறு கம்பியும் நிக்கிற வரைக்கும் ஒழுகத்தான் செய்யும். தண்ணி இது வழியாத்தான் உள்ள எறங்குது."

"கம்பிய விட்டுட்டு, சுத்தி ஒட்ட முடியாதாப்பா?"

"ஒட்டலாம். ரெண்டு மழைக்குத் தாங்கும். இது வெயிலுக்கு விரியுது, காத்துக்கு ஆடுது. ஒட்டு விட்டுரும்."

அவன் சொன்னது டீச்சருக்குப் புதுச்செய்தி அல்ல. வாளி வைக்கிற இடங்களுக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்பதை அவர் எப்போதோ கணக்குப் பார்த்துவிட்டிருந்தார்.

எழுபத்தொன்பதில் நட்ட கம்பிகள் அவை. அப்போது பகல் பேட்ச்சில் இருபது பெண்பிள்ளைகள். கண்டனூர், பள்ளத்தூர், கல்லல் என்று சுற்றுப்பட்டிலிருந்து தூக்குவாளியோடு வருவார்கள். பையன்கள் சாப்பாட்டுக்கு டீக்கடைப் பக்கம் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகளோ மாடிப்படியில் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்து, ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சாப்பிடுவார்கள். ஒருநாள் யாரோ அவசரமாக இறங்கிப் போனதில் ஒரு பிள்ளையின் தூக்குவாளி உருண்டு, சோறு படிபடியாகச் சிதறிவிட்டது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அருள்பிரகாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உளியும் சுத்தியலுமாக மாடிக்கு ஏறிவிட்டார். தளத்தைக் குடையாதீர்கள் என்று கொத்தனார் தலைதலையாக அடித்துக்கொண்டார். அருள்பிரகாசம் கேட்கவில்லை. ஆறு குழி, ஆறு கம்பி, மேலே கீற்று.

அந்தப் பந்தலுக்கடியில் டீச்சரின் நல்ல வருஷங்கள் அத்தனையும் இருந்தன. புளிச்சோற்று வாசனை, ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிவிடுவது, வேலைக்கு உத்தரவு வந்த பிள்ளை வாங்கி வருகிற சீரணி மிட்டாய். சாயங்காலம் கரண்ட் போய்விட்டால் ஆளுக்கொரு மெஷினாகத் தூக்கி வந்து, மிச்சமிருக்கிற வெளிச்சத்தில் ஸ்பீடு அடிப்பார்கள். பதினைந்து மெஷின் ஒரே நேரத்தில் வானத்துக்குக் கீழே தடதடக்கும்போது எதிர்வீட்டு மாடியில் புறாக்கள் எழுந்து பறக்கும். அருள்பிரகாசம் கையில் கடிகாரத்தோடு நடுவில் நிற்பார். தொண்ணூற்றொன்றில் அடித்த காற்றில் கீற்றெல்லாம் போயிற்று. அவர் அப்போது இல்லை. டீச்சர் கம்பிகளுக்கு வருஷாவருஷம் பச்சைப் பெயின்ட் மட்டும் அடித்துவந்தார்.

ஒரு வாரம் கழிந்தது. சணல் துணி தண்ணீர் குடித்து உப்பிவிட்டது. மெல்லிய ஷீட் சித்திரை வெயிலில் இளகி, துவைக்கிற கல்லோடு ஒட்டிக்கொண்டு கிழிந்து வந்தது. மூன்றாவதை எந்தப் பக்கம் மடக்கினாலும் கோடு விழவில்லை. வெள்ளித்தாள் முகம் நடுப்பகலிலும் கையைச் சுடவில்லை. டீச்சர் அய்யப்பனைக் கூப்பிட்டு, மூணாவது என்றார்.

"நல்லதாத்தான் எடுத்திருக்கீக. ஆனா இது மேல ஆள் நடமாட்டம் கூடாது. பந்தல், கிந்தல் எதுவும் போட முடியாது. கம்பிய எப்ப அறுக்கட்டும்?"

"சொல்லி விடுறேன்."

சொல்லிவிடவில்லை. வைகாசி கழிந்து ஆனியும் பாதி போயிற்று. அய்யப்பன் இரண்டு முறை ஆள் அனுப்பினான். ஒருமுறை காய்ச்சல் என்றார், ஒருமுறை கணவர் பேரில் பூசைக்கு எழுதிக்கொடுக்கக் கோயிலுக்குப் போகிறேன் என்றார். இரண்டும் பொய்.

பிறகு ஒருநாள் சித்ராவே வந்தாள். முப்பத்துமூன்று வயதில் லேசாகப் பூசினாற்போல் இருந்தாள். வந்தவள் நாற்காலியில் உட்காராமல் நேராக மாடிக்குப் போனாள். டீச்சர் பின்னாலேயே ஏறினார். சித்ரா ஒரு கம்பியில் கையை வைத்தபடி நின்றாள்.

"டீச்சர், கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு எடம் காமிக்கிறாக. நான் அங்குட்டுப் போயிக்கிறேன். நீங்க மனசைப் போட்டுக் கஷ்டப்படுத்திக்காதீக."

"அய்யப்பன் சொன்னானா?"

"அவரு சொல்லணுமா? எனக்குத் தெரியாதா?" சித்ரா சிரித்தாள். "ஒருநா சாயங்காலம் திடீர்னு மழை புடிச்சுச்சே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் மெஷினத் தூக்கிட்டு ஓடுனோம். சார் ரெண்டு கையிலயும் ரெண்டு மெஷினோட கடைசியா வந்தாக. கண்ணாடியெல்லாம் தண்ணி. படியில நின்னுக்கிட்டு எங்கிட்டச் சொன்னாக, 'இந்தப் பந்தல் சும்மா ரெண்டு வருஷத்துக்குத்தாம்மா. அப்பறம் கம்பியப் புடுங்கிட்டுக் கீழயே ஒங்களுக்கு ஒரு ரூமாப் போட்ரணும்'னு."

டீச்சருக்கு அது தெரியாது. அருள்பிரகாசம் தன்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை. அவருடைய பேச்சில் தான் கேளாத ஒரு வரி, இந்தப் பிள்ளையிடம் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. முதலில் பொறாமை போல ஒன்று சுருக்கென்றது. பிறகு, தன்னைத் தேற்றுவதற்காக இவள் கட்டிச் சொல்கிறாளோ என்று தோன்றியது. சித்ராவின் முகத்தைப் பார்த்தார். பரீட்சை முடிந்து தாளைக் கொடுத்துவிட்டு நிற்கும் அதே முகம்; அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். டீச்சர் கேட்கவில்லை.

"கல்லுக்கட்டியில எடம் பாக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

கம்பி அறுத்த அன்று டீச்சர் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் நின்றார். ஐந்துக்கு ரம்பம் வேண்டியிருந்தது. ஆறாவது, அய்யப்பன் கை வைத்து அசைத்ததுமே அடியோடு வந்துவிட்டது. குழிக்குள் செங்காவியாகத் துரு, ஒரு படி இருக்கும். பச்சைப் பெயின்ட்டுக்குள்ளே இரும்பு எப்போதோ போய்விட்டிருந்தது. டீச்சர் குனிந்து ஒரு விரலால் அதைத் தொட்டார். மாவு போல இருந்தது. "இதுவாப்பா என்னப் புடிச்சு வச்சிருந்துச்சு" என்று சொன்னது அய்யப்பனுக்கா தனக்கேயா என்று அவருக்கே தெரியவில்லை.

குழிகளை அடைத்து, தட்டோட்டைப் பெயர்த்து, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துப் பூசி, ஆடி முதல் வாரத்தில் ஷீட் ஒட்டினார்கள். சிலிண்டரிலிருந்து வந்த நீலத்தீ பட்டதும் கறுப்பு முகம் பளபளவென்று இளகியது. உருட்டிக்கொண்டே போய் ஒன்றன் மேல் ஒன்று நாலு விரற்கடை ஏற்றி ஒட்டினார்கள். டீச்சர் ஒவ்வொரு ஒட்டாகக் குனிந்து பார்த்து, இரண்டு இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். அய்யப்பன் முணுமுணுக்காமல் திரும்ப ஒட்டினான்.

அப்புறம் சோதனை. தண்ணீர் போகிற குழாய்களை அடைத்துவிட்டு, மாடி நிறையத் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் சித்ரா டார்ச்லைட்டோடு கீழே கூரையை மூலைமூலையாகப் பார்த்துக்கொண்டு வர, டீச்சர் மேலே காத்திருந்தார்.

"டீச்சர்! பொட்டு ஈரமில்ல! சுண்ணாம்பாக் காஞ்சு கெடக்கு!"

சத்தம் படி வழியாக ஏறி வந்தது. அய்யப்பன் அடைப்பை எடுக்கப் போனான். "தொறந்து விட்றவா டீச்சரம்மா?"

"சாயந்தரம் வரைக்கும் கெடக்கட்டும்."

அவன் இறங்கிப் போனதும் டீச்சர் செருப்பைக் கழற்றினார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் கால் வைத்தார். ஆடிக்காற்று அடித்தும் அதில் வெயிலின் இளஞ்சூடு இருந்தது. அடியில் வெள்ளித்தாள், மேலே வானம்; எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அந்தக் கரையில் இரண்டு மைனாக்கள் வந்து இறங்கி, சிறகை உதறி உதறிக் குளிக்க ஆரம்பித்தன. அவை பறந்துவிடக் கூடாதே என்று டீச்சர் அசையாமல் நின்றார். அவர் கால்களைச் சுற்றி எழுந்த அலை மட்டும் மேகங்களை நெளித்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.