சிவந்த கண்ணோடு வண்டி எடுக்கலாமா?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது தானாக வந்து மடியில் விழுந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி ஓட்டும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடடா, அழுகிறார்! எனக்குக் கை பரபரத்தது. இறங்குவதற்குள் மனசுக்குள் ஒரு காதல் தோல்வி, ஒரு துரோகம், ஒரு மழை எல்லாம் தயார்.

கடைசி நிறுத்தத்தில் கேட்டே விட்டேன். "ஏன் அழுறீங்க?"

"அழுகையா? அட போங்க! தூசி ஒத்துக்கலை, ஏசி காத்து வேற. கண்ணு காஞ்சு போனா தண்ணி கொட்டுமாம், டாக்டரே சொன்னார்."

காய்ந்தால் கொட்டுமா! என் காதல் தோல்வி அங்கேயே செத்தது. ஆனால் எனக்கு வந்த குஷி இருக்கிறதே, வீடு வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மலர்கள் மகரந்தம் சிந்தும் ஒரு காலைப்பொழுதில் அவள்..."

(வேண்டாம். அக்கா படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.)

இரண்டாம் முயற்சி: அக்காவின் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுநர்களுக்குத் தகுதிச் சோதனை வைக்கிற நாளில், கண்ணாடிக்கு முன்னால் ஒரு சொட்டு மருந்துப் புட்டி கைமாறும். சிவந்த கண்ணைச் சட்டென்று வெளுக்கவைக்கும் மருந்து. எல்லோருக்கும் அதே புட்டி, ஆளுக்கு ஒரு சொட்டு. சிவந்த கண்ணோடு போனால் மேனேஜர் "ராத்திரி தண்ணியா?" என்பார். அன்றைக்கு வண்டி கிடையாது.

(ஒரே புட்டி இத்தனை கண்ணைத் தொட்டால் என்னாகும் என்று உங்களுக்கே தெரியும். எழுதும்போதே எனக்கும் கண் உறுத்துகிறது. கசக்கக் கூடாது. கசக்கவில்லை.)

3

அக்கா அதே மருந்தைத் தனியாகவும் வாங்கித் தினமும் போட்டார். வெளுக்கும். மருந்தின் வேகம் இறங்கியதும் முன்னைவிடச் சிவக்கும். மறுபடி போடுவார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"முதல்ல அதைத் தூக்கிப் போடுங்கம்மா. கண்ணீர் மாதிரியே ஒரு சொட்டு மருந்து தர்றேன், உங்களுக்கு மட்டும். கண்ணை மூடி, குளிர்ச்சியா ஈரத்துணி வைங்க. ஏசி காத்தை முகத்துல அடிக்க விடாதீங்க. பார்வை நல்லா இருக்கு, தாராளமா ஓட்டலாம். ஆனா சிவப்பு அடங்கச் சில நாள் ஆகும்."

சில நாள்! சோதனை நாளைக்கு! டிப்போவுக்கு வந்திருக்கும், ரொம்ப நாளாக அக்கா ஆசைப்பட்ட புது நீள பஸ் யாருக்கு என்று முடிவாவதும் நாளைக்கு! இந்த இடத்தில் எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

4

மேனேஜரை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. அத்தனை பேர் ஏறுகிற வண்டி. சிவந்த கண்ணைப் பார்த்தால் பயப்படுவதுதானே அவர் வேலை? மீசையை எடுத்துவிட்டேன்.

5

முடிவு ஒன்று: அக்கா புட்டியை வாங்கி ஒரு சொட்டு விடுகிறார். கண் வெளுக்கிறது. மேனேஜர் சிரித்தபடி சாவியை...

(முடியவில்லை. அக்கா என் கையைத் தட்டிவிடுகிறார்.)

முடிவு இரண்டு: 'டீசல்' என்று எல்லோரும் கூப்பிடும் சக ஓட்டுநர் புட்டியை நீட்டுகிறார். "ஒரே ஒரு சொட்டுக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"வேணாம்டா. நீயும் போடாதே."

அப்படியே உள்ளே போகிறார். மேனேஜர் முகம் மாறுகிறது. "என்னம்மா இது?"

"சிவப்புதான் சார், மறைக்கலை. டாக்டர் பார்த்துட்டார், ஓட்டலாம்னுட்டார். அதோ, கேட்ல நுழையுற வண்டி நம்பரைப் படிக்கவா?"

படிக்கிறார். ஒரு எழுத்து தப்பவில்லை! எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

மேனேஜர் சாவியைக் கையில் எடுக்கிறார். "நான் நம்புறேன்மா. ஆனா ஏறுறவங்க உங்க கண்ணைப் பார்த்து இறங்கிட்டா? இன்னைக்குப் புது வண்டியில ஒரு நடை எடுங்க. யாரும் இறங்கலைன்னா வண்டி உங்களுக்கு."

6

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. சோம்பலில்லை, சத்தியமாக. ஏறுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் நானில்லை.

புது பஸ்ஸின் கதவு திறந்திருக்கிறது. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறார். கண் செக்கச் செவேல் என்று இருக்கிறது, ஓரத்தில் தண்ணீர். முதல் படியில் கால் வைத்து நிற்பது நீங்கள்.

"ஏறுறீங்களா, இல்லையா? பின்னாடி ஆள் நிக்குறாங்க."