டிவிக்குப் பின்னாலிருந்த பெட்டி

"நேத்து எங்க போயிருந்தீங்க எல்லாரும்? பொழுது சாயுற வரைக்கும் டிவியே போடலையே?"

தோஹாவிலிருந்து புருஷன் பிரதாப் இதைச் சாதாரணமாகத்தான் கேட்டான். வினோதா போனைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி பாதியில் நின்றது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் இழுத்துக்கொண்டே போனதையும், மழையில் பஸ் கிடைக்காமல் நோர்வூட் டவுனில் நின்றதையும் அவள் இன்னும் அவனிடம் சொல்லவில்லை. மாமியார் நாகலெட்சுமியும் அன்று கோயில் வேலையாக தோட்டத்து மேல் லய வீடுகள் பக்கம் போயிருந்தாள். வீடு பூட்டித்தான் கிடந்தது. கூட்டம் என்று சொன்னாள். அவன் சரி என்றான். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. ஆனால் போனை வைத்த பிறகும் சீவிய கிழங்கு கறுத்துப்போகும் வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இவருக்கு எப்படித் தெரிந்தது?

பிரதாப் அங்கே ஒரு ஹோட்டலில் டிவி, ஸ்பீக்கர் எல்லாம் பராமரிக்கிற வேலையில் இருந்தான். போன விடுமுறைக்கு வந்தபோது சூட்கேஸில் பாதிக்குக் கம்ப்யூட்டர் சாமான்தான் கொண்டுவந்தான். அதையெல்லாம் ஒன்றோடொன்று பூட்டி, சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கம்ப்யூட்டரைச் செய்து பெரிய டிவிக்குப் பின்னால் வைத்தான். கூரையிலிருந்த டிஷ்ஷின் வயரை அதில் செருகினான். இனி எந்த நிகழ்ச்சியையும் அது தானாகப் பதிந்து வைக்கும் என்றான். வினோதா தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகத் தமிழில் நடத்தும் பாடங்கள் டிவியில் போகிற நேரம் அவள் வகுப்பில் நிற்பாள். அவற்றைப் பதிந்து சனிக்கிழமைகளில் பிள்ளைகளை வீட்டுக்கு வரச்சொல்லிக் காட்டலாம் என்பதுதான் திட்டம். பிள்ளைகள் இப்போதே அந்த வீட்டைத் தியேட்டர் வீடு என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

எந்த மென்பொருளில் பதிவது என்பதை மட்டும் முடிவு செய்யாமலே பிரதாப் விமானம் ஏறிவிட்டான். போகும்போது ஒன்றைப் பரீட்சார்த்தமாகப் போட்டுவிட்டுப் போயிருந்தான். பார்க்க வெகு அழகாக இருந்தது. நிகழ்ச்சிகளெல்லாம் படம் படமாக வரிசைகட்டி நிற்கும். ஒன்றை அழுத்தினால் போதும், தினமும் பதிந்துவிடும். கணக்கைத் தன் பெயரிலேயே திறந்திருந்தான். ஒவ்வொரு தடவை பேசும்போதும், பிடித்திருந்தால் சொல், நிரந்தரமாக வாங்கிவிடலாம் என்பான். வினோதாவும் வாங்கிவிடுங்கள் என்று சொல்லத்தான் இருந்தாள். அந்தக் கேள்விக்குப் பிறகு, கொஞ்சம் பொறுங்க, பார்ப்போம் என்றாள்.

முதலில் சந்தேகம் போனது மாமியார் மேல்தான். நாகலெட்சுமி மகனோடு தனியாகவும் பேசுவாள், போனை எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போய். மருமகளின் போக்குவரத்தை அங்கே நின்று ஒப்புவிக்கிறாளோ? வினோதா யோசித்து ஒரு காரியம் செய்தாள். மாலையில் இரண்டு பேரும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, கண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டு எழுதிப்போட்டிருப்பதாகவும், அவருக்கு இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னாள். அத்தனையும் பொய். நாகலெட்சுமியின் கை ஒரு நிமிஷம் சுளகிலேயே நின்றது. பிறகு கல் பொறுக்கத் தொடங்கினாள்.

வினோதா காத்திருந்தாள். பிரதாப் மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தைப் பாதியில் ஏன் நிறுத்தினாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டான். பக்கத்து வீட்டுக் காளியாயி வந்து கதவைத் தட்டியதால்தான் அவள் நிறுத்தியிருந்தாள். அந்த நேரம் மாமியார் வீட்டிலேயே இல்லை.

அப்படியானால் பெட்டிதான். அன்றிலிருந்து வினோதாவுக்கு முன்னறையில் நிற்கவே கூசியது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காற்றுப் போகும் ஓட்டைகளில் எது ஓட்டை, எது கண் என்று அவளுக்குப் புரியவில்லை. அதன் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடினாள். சூடேறி உறுமத் தொடங்கவும் எடுத்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சேலையைத் தளர்த்திக்கொண்டு டிவி முன்னால் உட்காரும் பழக்கம் நின்றது. பெட்டியில் எரியும் சின்ன நீல வெளிச்சத்தை அவள் ஒரு ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

ஒரு பின்னேரம் அதையும் சோதித்துவிடுவது என்று முடிவு செய்தாள். மாமியாரைக் காளியாயி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டிவியில் கேக் செய்கிற நிகழ்ச்சியைப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது வெறும் அறையில் யாரோ ஒருத்தி முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். அன்று பிரதாப் போன் எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி: "என்ன, கேக் எல்லாம் செய்யப் பழகுற போல?"

வினோதாவுக்கு விஷயம் பிடிபட்டது. கேமரா இருந்திருந்தால் நாற்காலி காலியாகக் கிடந்தது தெரிந்திருக்கும். அவன் கண்ணால் பார்க்கவில்லை. டிவியில் என்ன ஓடுகிறது, எப்போது ஓடுகிறது என்பது மட்டும் அவனுக்குப் போகிறது. பெட்டிக்குள் இருக்கிற அந்த அழகான மென்பொருள்தான் சொல்லிக்கொடுக்கிறது.

மறுநாளே பெட்டியைப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினாள். பஸ் நிலையத்துக்கு மேலே நஸீரின் கம்ப்யூட்டர் கடை. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களைத் திருத்துகிறவர் என்பதால் பழக்கம், அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள். புருஷனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், இது வீட்டுக் கதையை வெளியில் யாருக்காவது அனுப்புகிறதா பாருங்கள் நானா என்று மட்டும் கேட்டாள். நஸீர் பெட்டியைத் தன் திரையில் மாட்டி, உள்ளே உள்ளே போய்ப் பார்த்தார். வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்பதைக் கணக்குக்காரரின் போனுக்கு உடனுக்குடன் தெரிவிக்கிற ஒரு வசதி அங்கே திறந்து கிடந்தது.

"இது தானா ஓன் ஆகாது டீச்சர். யாராச்சும் போட்டாத்தான் வரும்."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். உடனே குனிந்து எதையோ துடைக்கத் தொடங்கினார்.

வேறு என்ன இருக்கிறது என்று வினோதா கேட்டாள். இன்னொரு மென்பொருளைக் காட்டினார். ஒருவருக்கும் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை என்றார். அதைக் கேட்டதும் அவளுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. காசு வாங்குகிறவனே காட்டிக்கொடுக்கிறான், சும்மா தருகிறவன் எதை எடுத்துக்கொள்வான்? பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதி எல்லாருக்கும் பொதுவாக விட்டது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம் என்று நஸீர் சொன்னார். என்னால் பார்க்க முடியாதே என்றாள் வினோதா. அவர் சிரிக்கவில்லை. இரண்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டு இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். முதலாவது, கணக்கைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று சொல்லித் திறக்கவே மறுத்தது. இரண்டாவது ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது.

"வயர் இல்லாமலே ஓடுறது யாருகிட்ட போய்ச் சொல்லும்? நீங்களே புடுங்கிப் பாருங்க."

அவள் பிடுங்கிப் பார்த்தாள், செருகிப் பார்த்தாள், மறுபடியும் பிடுங்கினாள். குறைகளையும் அவர் மறைக்கவில்லை. படம் படமாக நிற்காது. சேனலை, நேரத்தை எல்லாம் கையால்தான் கொடுக்க வேண்டும். தப்பாகக் கொடுத்தால் தப்பாகத்தான் பதியும். இரண்டும் இருக்கட்டும், நான் யோசித்துக்கொள்கிறேன் என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள். முடிவு எடுக்குமுன் அவளுக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பிரதாப்புக்கு லீவு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் போனை எடுத்தாள். அவன் கட்டிலில் படுத்தபடி பேசினான். மேல் கட்டிலிலிருந்து யாருடைய துண்டோ தொங்கியது.

"நாங்க என்ன பார்க்குறோம்னு உங்களுக்குக் காட்டுற அந்த வசதிய நீங்களா போட்டீங்க?"

அதெல்லாம் அந்த மென்பொருளோடு வருவதுதான் என்றான். தானாக வராது என்று நஸீர் நானா சொன்னதை அவள் சொன்னாள். அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"நான்தான் போட்டேன்."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அவன் அறையில் பொகவந்தலாவைப் பக்கத்து ஆள் ஒருவன். ஊரில் அவன் மனைவி வேறொருவனோடு போய்விட்டாள் என்று செய்தி வந்திருக்கிறது. அன்றிலிருந்து அறையில் வேறு பேச்சே இல்லை. ஒருவன் தன் மனைவியைப் பற்றித் தங்கச்சியை விட்டு விசாரித்தான். இன்னொருவன் வீட்டு வாசலில் கேமராவே பூட்டினான். நான் கேமரா பூட்டவில்லையே என்றான் பிரதாப், அது ஏதோ பெரிய மனசு மாதிரி.

"என்னைய சந்தேகப்பட்டுத்தானே செஞ்சீங்க?"

"முதல்ல... ஆமா." அவன் திரையைப் பார்க்கவில்லை. "அப்புறம் அப்படி இல்ல. டிவி ஓடுதுன்னு காட்டுனா, நீ வந்துட்ட, அம்மா உக்காந்திருக்கு, வீட்டுல லைட் எரியுதுன்னு நெனைச்சுக்குவேன். அதப் பார்த்துட்டுத்தான் சாப்பிடப் போவேன்."

வினோதா அதை நம்ப விரும்பினாள். அதே நேரம் உள்ளே ஒரு குரல் எச்சரித்தது. இத்தனை நாள் மறைத்தவருக்கு இப்படி ஒரு நல்ல வார்த்தையைக் கண்டுபிடிக்கவா தெரியாது? சந்தேகம், ஏக்கம் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எது எவ்வளவு என்று எந்தப் பெட்டியைத் திறந்தும் பார்க்க முடியாது.

"தெரிஞ்சுக்கணும்னா என்கிட்ட கேளுங்க. நான் சொல்றேன். இத நான் எடுக்கப் போறேன்."

அவன் மேல் கட்டிலிலிருந்து தொங்கிய துண்டை ஒதுக்கிவிட்டுக்கொண்டான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அடுப்படி வாசலில் நாகலெட்சுமி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. மகனுக்காகப் பரிந்து பேசப்போகிறாள் என்று வினோதா நினைத்தாள். மாமியார் கேட்டது வேறு.

"அந்தக் கண்டி மாத்தம் என்னாச்சு புள்ள? அதுவும் இதுனாலதானா?"

நாகலெட்சுமியே தொடர்ந்தாள். மகனிடம் சொன்னால் சண்டை வரும் என்று வாயைத் திறக்கவில்லையாம். மருமகள் போகாமல் இருக்க மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாளாம். தனியாக இந்த வீட்டில் கிடப்பதை நினைத்துத் தூக்கமே சரியாக இல்லையாம்.

அது பொய் என்று வினோதா சொன்னாள். எதற்குச் சொன்ன பொய் என்பதையும் சொல்லிவிட்டாள், சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாகலெட்சுமி அவள் முன்னால் வந்து நின்றாள்.

"அப்ப அவன் ஒன்னைய வேவு பார்த்தான். நீ என்னைய பார்த்தியா?"

அதற்குப் பிறகு அவள் மருமகளோடு பேசவில்லை. சோறு போட்டாள், தேத்தண்ணி ஊற்றி வைத்தாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை முழுக்க வினோதா பெட்டியோடு மல்லுக்கட்டினாள். பழைய மென்பொருளை அடியோடு நீக்கினாள். புதியதில் சேனல்களைத் தேடிப் பிடித்தாள், நேரங்களைக் கொடுத்தாள். அடுத்த சனிக்கிழமை முதல் பாடத்தைக் காட்டுவதற்குப் பிள்ளைகளை வரச்சொல்லி உட்காரவைத்து அழுத்தினால், பின்னக் கணக்குக்குப் பதிலாகச் சிங்களத்தில் ஒருவர் கோழித்தீனி விளம்பரம் செய்துகொண்டிருந்தார். அவள்தான் காலையையும் மாலையையும் மாற்றிப் போட்டிருந்தாள். பிள்ளைகள் கோழித்தீனியையும் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அதற்கடுத்த வாரம் பாடம் ஒழுங்காக வந்தது, மழையில் நடுவில் கொஞ்சம் அறுந்ததைத் தவிர.

ஒருநாள் கரண்ட் போய் வந்த பிறகு நாகலெட்சுமி டிவியின் பக்கம் பார்த்தபடி, யாரிடமோ பேசுவதுபோல் கேட்டாள், என் நாடகத்தையும் இதுல புடிச்சு வைக்க முடியுமா என்று. முடியும் மாமி என்றாள் வினோதா. மெதுவாக மற்றப் பேச்சும் திரும்பியது. ஆனால் வினோதா ஏதாவது புதிய செய்தி சொன்னால், மாமியார் இப்போது ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

பிரதாப்பும் கேட்கப் பழகினான். சாப்பிட்டாச்சா, என்ன பார்த்தீங்க, எங்கேயும் போனீங்களா. அவள் சொல்வாள். பெரும்பாலும் நடந்ததையே சொல்வாள். சில நாள் அலுப்பாக இருந்தால், ஒண்ணும் பார்க்கல என்று முடித்துக்கொள்வாள். அதை அவன் நம்பினானா என்று அவளுக்குத் தெரியாது. நம்புவதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லை என்பது தெரியும்.

சித்திரை வருஷப் பிறப்புக்குப் பிரதாப் லீவில் வந்தான். வந்த அன்றே டிவி முன்னால் உட்கார்ந்தான். வினோதா அடுப்படியிலிருந்தபடி அவன் கைகளையே கவனித்தாள். கறியில் தண்ணீர் வற்றியதுகூடத் தெரியவில்லை. அவன் இந்தப் புதிய மென்பொருளை இதுவரை தொட்டதில்லை. ரிமோட்டை இப்படியும் அப்படியும் அழுத்திப் பார்த்தான். அது உள்ளே போக விடவில்லை.

"இதுக்குப் பாஸ்வேர்ட் போட்டிருக்கியா? என்ன அது?"

வினோதா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டாள்.

"என்ன பதியணும்னு சொல்லுங்க. நான் போட்டுத் தர்றேன்."

அவன் சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. பிறகு அவன் ஒரு கிரிக்கெட் மேட்ச்சின் பெயரைச் சொன்னான். அவள் அதைப் பதிய வைத்தாள்.