சுவர்மேல் வைத்த திருநீற்றுப்பச்சை

கண்டிக் கடைவீதியிலிருந்து திரும்பிய ராக்கம்மா, மடிக்குள் ஒரு கட்டுத் திருநீற்றுப்பச்சையை ஒளித்துக்கொண்டு வந்தாள். களவெடுத்ததல்ல, ஸெய்னுலாப்தீன் நானாவின் கடையில் வாங்கியதுதான். ஆனாலும் வத்தேகமைக்கு மேலே கோப்பித் தோட்டத்து எல்லைக் கல்லைத் தாண்டும்போது அவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

கோப்பிச் செடிக்கு நோய் வந்திருந்த காலம் அது. இலையைப் புரட்டினால் அடியில் மஞ்சளாகப் பொடி ஒட்டியிருக்கும். கொஞ்ச நாளில் இலையெல்லாம் உதிர்ந்து செடி வெறுங்குச்சியாக நிற்கும். கீழ்மலை முழுக்க அப்படித்தான் நின்றது. வெளியிலிருந்து வந்த ஏதோ ஒரு பச்சையில் ஒட்டிக்கொண்டுதான் அந்த நோய் வந்திருக்கிறது என்பது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் எண்ணம். அவருடைய கட்டளையை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் எல்லோரையும் நிற்கவைத்து, பழனியாண்டிக் கங்காணி சொல்லியிருந்தார்.

"வெளிச்செடி ஒரு குச்சிகூட உள்ள வரப்படாது. எந்தக் காம்பராவுல கண்டாலும் அந்தக் குடும்பமே மூட்டயக் கட்ட வேண்டியதுதான். அப்புறம் என் காலப் புடிச்சு அழுது புண்ணியமில்ல."

மூட்டையைக் கட்டினால் ஊருக்குத் திரும்ப ஒரு பாதைதான் இருந்தது. மாத்தளைக்கு வடக்கே காடு, அதைத் தாண்டி மன்னார்க் கரை, பிறகு கடல். அந்தப் பாதையில் வரும்போதுதான் ராக்கம்மாவின் புருஷன் பேதியில் விழுந்தான். அவனுக்கு ஒரு குழி தோண்டக்கூட நிற்காமல் கூட்டம் நகர்ந்துவிட்டது. இப்போது மழை வேறு பிடித்திருந்தது. மகள் வேலாயி வயிற்றுப்பிள்ளைக்காரி. அந்தக் காட்டில் அவளை எப்படி நடத்திக்கொண்டு போவது?

ஆனால் அந்தப் பச்சை வேலாயிக்காகத்தான். மசக்கை அவளை விடவே இல்லை. கஞ்சி வாசம் பட்டாலே குடலைப் புரட்டும். கன்னம் ஒட்டி, கண் குழிந்து கிடந்தாள். போன முறை கண்டிக்குக் கூட்டிப்போனபோது நானாவின் கடை வாசலிலேயே மயங்கி விழுந்தாள். நானாவின் மனைவி றம்லத் அவளைப் பின்கட்டுக்குத் தாங்கிக்கொண்டு போய், இந்த இலையைக் கசக்கி மூக்கருகில் பிடித்து, இரண்டு இலையைக் கஞ்சியில் கிள்ளிப் போட்டுக் கொடுத்தாள். அந்தக் கஞ்சி வயிற்றில் தங்கியது. வேறு எதுவும் தங்கவில்லை.

இந்த முறை கட்டை எடுத்துக் கொடுக்கும்போது றம்லத் சொன்னாள்: "ஒரேயடியா முடிச்சிராதீங்க புள்ள. நாலஞ்சு கொப்ப கணுவுக்குக் கீழ நறுக்கி, அடி எலய உருவிட்டு, போத்தல் தண்ணியில வைங்க. எல தண்ணியில பட்டா அழுகிரும். தண்ணிய அன்னாடம் மாத்தோணும். அல்லாஹ் நாடினா வேர் வரும். புள்ள பொறக்கு மட்டும் அதுவே காணும்."

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஜன்னல் ஏது? பக்கத்துக் காம்பராவுக்கும் இதற்கும் நடுவிலிருந்த மண்சுவர் கூரைவரை எட்டாது. அதன் உச்சியில் மட்டும் கூரை இடுக்கால் கொஞ்சம் வெளிச்சம் விழும். ராக்கம்மா ஒரு பழைய சாராயப் போத்தலைக் கழுவி, கொப்புகளை அதில் வைத்து, சுவர் உச்சியில் நிறுத்தி, தன் பக்கம் சாக்கைத் தொங்கவிட்டாள். அந்தப் பக்கத்தை மறைக்க வழியில்லை.

அந்தப் பக்கம் இருந்தவள் பாலம்மா. தண்ணீர் பிடிக்கும் பீலியில் யார் முதலில் குடத்தை வைப்பது என்று மூண்ட சண்டைக்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதோடு பாலம்மா, பழனியாண்டிக் கங்காணியின் கூடப்பிறந்த தங்கச்சி.

"அம்மா, அதத் தூக்கி ஆத்துல போட்டுரு. எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள் வேலாயி.

"மெல்லப் பேசுடி. அங்கிட்டு அவ இருக்கா."

பாலம்மா இருமினால் ராக்கம்மாவின் கை அடுப்பிலேயே நின்றுவிடும். லயத்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கங்காணியோ என்று வேலாயி எழுந்து உட்காருவாள். இத்தனைக்கும் நடுவில் கொப்புகள் வாடாமல் நின்றன. கணுவில் முதலில் வெள்ளையாகப் பருக்கள் தெரிந்தன. பிறகு நூல் நூலாக வேர் இறங்கியது. ராக்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஒரு நாள் மலையிலிருந்து வந்து போத்தலை இறக்கியவள் அப்படியே நின்றாள். தண்ணீர் பளிங்காக இருந்தது. கழுத்துவரை நிறைந்தும் இருந்தது. காலையில் நேரமாகிவிட்டதென்று அவள் தண்ணீர் மாற்றாமலே போயிருந்தாள்.

"நீ மாத்துனியா?"

"எனக்கு எட்டவே எட்டாதேம்மா."

வேறு யார் கை எட்டும்? சுவருக்கு அந்தப் பக்கத்துக் கைதான். அன்றைக்குக் கங்காணி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வந்துவிட்டாலாவது தேவலை என்றிருந்தது. பீலியடியில் பாலம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ராக்கம்மா குடம் நிறையுமுன்னே தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் கஞ்சிக்கு இலை கிள்ளப்போனவள் ஒரு கொப்பைத் திருப்பிப் பார்த்தாள். இலைக்கு அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது.

கீழ்மலையில் தன் கையாலேயே எத்தனை இலையைப் புரட்டிப் பார்த்திருப்பாள், அதே மஞ்சள்! இத்தனை நாளும் துரத்திவிடுவார்களே என்றுதான் பயந்தாள். இப்போது பிடித்த பயம் வேறு. மேல்மலை இன்னும் பச்சையாக இருக்கிறது. லயம் முழுக்க அந்த மலையை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறது. தன் மடியிலேயே நோயைச் சுமந்துகொண்டு வந்துவிட்டோமோ?

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. போத்தலோடு அதில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் பொடி ஏற்கெனவே சேலையில் பட்டு மலைக்குப் போயிருந்தால்? சொன்னால்தானே மருந்தடிக்கவோ, செடியை வெட்டவோ ஏதாவது செய்வார்கள்?

"முத்துமாரி, என் மகளோட வயித்த நீ பாத்துக்க" என்று சொல்லி, வீட்டில் இருந்த நாலு சாமானையும் மூட்டையாகக் கட்டினாள். பிறகு வேலாயியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விடிந்ததும் பிரட்டுக்கு அழைக்கும் தப்புச் சத்தம் கேட்டது. ராக்கம்மா கம்பளிக்குள் போத்தலை மறைத்துக்கொண்டு பிரட்டுக்களத்துக்குப் போனாள். கங்காணியின் முன்னால் அதை வெளியே எடுத்தபோது பக்கத்தில் நின்றவர்கள் ஐயோ என்று விலகினார்கள்.

"கங்காணி ஐயா, நான்தான் கொண்டாந்தேன். மகளுக்கு வாந்தி நிக்கலன்னு கொண்டாந்தேன். இதுலயும் அந்த மஞ்ச வந்திருச்சு. மலயக் காப்பாத்துங்க. என்னைய எங்க வேணா தொரத்துங்க."

பழனியாண்டியின் முகம் வெளுத்தது. "அடி பாவி, உன் தல மட்டுமா போகும்? என் தலயுமில்ல போகும்! உன் கண்ணு முன்னால இத்தன நாளா வச்சிருந்தாளேன்னு தொர என்னயத்தான் கேப்பாரு!"

அப்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பாலம்மா வந்தாள்.

"கத்தாதண்ணே. அது நான் போட்ட மஞ்ச."

"என்னது?"

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா, சாமிப் பச்ச தல மேல நிக்கிது, ஒரு பொட்டு மஞ்ச கூட இல்லாம. மனசு கேக்கல. கீழ இருந்து அண்ணாந்து மஞ்சப்பொடி தூவிக் கும்புட்டேன்." இலையை விரலால் வழித்து அண்ணனின் மூக்குக்கு நேராக நீட்டினாள். "மோந்து பாரு. நேத்து உன் கொழம்புல போட்டதும் இதே மஞ்சதான்."

கங்காணி மோந்து பார்த்தார். யாரோ சிரித்தார்கள். ராக்கம்மா பாலம்மாவையே பார்த்தாள்.

"தண்ணியும் நீயா?" என்றாள்.

"பின்ன? அன்னிக்கு மாத்தாமப் போயிட்ட. அந்தப் புள்ள குமட்டுறது எனக்கும்தான் கேக்குது. சொல்ல வந்தா, பேயக் கண்ட மாதிரி ஓடுற!"

அதற்குள் வளைவில் துரையின் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. மஞ்சளோ நோயோ, வெளிச்செடி வெளிச்செடிதான். பழனியாண்டி தங்கையைப் பார்த்தார். பாலம்மா போத்தலிலிருந்து கொப்புகளைச் சட்டென்று உருவினாள். ஒன்றைத் தன் கொண்டையில் செருகினாள். மற்றவற்றைப் பக்கத்தில் நின்ற பெண்கள் ஆளுக்கொன்றாக வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். வெற்றுப் போத்தலைக் கங்காணி தன் கோட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

துரை குதிரைமேலிருந்தபடியே வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாலம்மாவுக்குப் பின்னால் நின்ற ராக்கம்மாவின் கண்ணில் அப்போதுதான் பட்டது: கொண்டைக்குக் கீழே, பிடரியில், வெள்ளை வேர்கள் ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தன. பூ வைத்தால் வேர் தொங்குமா? குதிரை நெருங்கியது. ராக்கம்மா தன் கம்பளியின் ஓரத்தை இழுத்து, மழைக்குப் போர்த்துவதுபோல பாலம்மாவின் தோளையும் சேர்த்து மூடினாள். அந்தத் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது.

குதிரை நின்றது. துரை மூக்கை உறிஞ்சினார். கங்காணியைப் பார்த்தார். பழனியாண்டி கோட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து சலாம் போட்டார். பிறகு குளம்புச் சத்தம் மேல்மலைப் பக்கம் ஏறிப் போய்விட்டது.

அன்று சாயந்தரம் ராக்கம்மா கட்டிய மூட்டையை அவிழ்த்தாள். அண்ணனிடமிருந்து பாலம்மா வாங்கி வந்த போத்தல், பெண்கள் திருப்பிக் கொடுத்த கொப்புகளோடு கூரை இடுக்கு வெளிச்சத்தில் பழைய இடத்திலேயே நின்றது. ஒரு கொப்பு மட்டும் குறைந்திருந்தது. அதன் இலைகள் வேலாயியின் கஞ்சியில் கிடந்தன. அவள் ஒரு வாய் குடித்தாள், பொறுத்துப் பார்த்தாள், இன்னொரு வாய் குடித்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "தங்கிச்சா?"

"தங்கிச்சு" என்றாள் ராக்கம்மா. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோது அவள் நெஞ்சு இன்னும் திடுக்கிடத்தான் செய்தது. ஆனால் இந்த முறை சுவரின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தம் தாண்டிப் போகும்வரை சேர்ந்து காத்திருந்தார்கள்.