ஒட்டாத உதடு

“முகத்தைத் திருப்பாதே. மறுபடி சொல்லு.”

ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் நாத்தனார் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். வெளியே மேலாளர் வேலைக்கான குரல் தேர்வுக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அடுத்தது நான்.

“ப்... நியுமோனியா.”

“உதடு ஒட்டுச்சு பாரு. அந்த இங்கிலீஷ் ‘பி’ வாசல்ல தூங்குற வாட்ச்மேன். அவனை எழுப்பாம உள்ள போன்னு எத்தனை தடவை சொல்றது?”

“எழுத்தைப் பாத்ததும் தானா ஒட்டுது அண்ணி.”

“என் தம்பியைத் திட்டறப்ப மட்டும் ஒட்டவே ஒட்டாதே.”

சிரிப்பு வந்தது. பயம் போகவில்லை. இதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் எனக்கு இரவு வேலை. நான் வீடு திரும்பும்போது மகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லும் இந்தப் பகல் வேலை கிடைத்தால் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கலாம். போன தடவை ‘ப்ஸைக்கியாட்ரி’ என்று வாசித்தேன். வரிசையில் நின்ற நோயாளிகூடச் சிரித்தார். அன்று முதல், முன்னாள் ஆங்கில ஆசிரியையான நாத்தனார் என்னை விடவில்லை. பாத்திரம் கழுவியபடி முதுகைக் காட்டிச் சொன்னால் கணக்கில் சேராது. எதிரே வந்து, விளக்கு வெளிச்சத்தில் நின்று சொல்ல வேண்டும்.

என்னை அழைத்தார்கள்.

கண்ணாடி அறை. மைக். மேலாளர் நீட்டிய தாளில், முதல் வார்த்தையிலேயே ‘பி’ உட்கார்ந்திருந்தது. நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே, பச்சைக் குடையோடு நாத்தனார் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாட்ச்மேனைத் தாண்டினேன். ஸைக்கியாட்ரி. நியுமோனியா. கடைசி வரி வரை எங்கும் தட்டவில்லை.

“திங்கக்கிழமை வந்துடுங்க” என்றார் மேலாளர். அப்போதுதான் மூச்சே விட்டேன்.

அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “பச்சைக் குடை வச்சிருக்கிற அம்மா, ஸ்ட்ரெச்சர் வருது, ஒதுங்குங்க.”

தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. நாத்தனார் அசையவில்லை. மேலாளர் மறுபடி சொன்னார். ம்ஹூம்.

நான் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன்: ‘தள்ளி நில்லுங்க.’ சட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் கடந்து போனது.

மேலாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “மைக்ல கத்துனா நகரல. நீங்க சும்மா வாயசைச்சா நகர்றாங்க?”

“அவங்களுக்குக் காது கேக்காது சார். எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. என் குரல் எப்படி இருக்கும்னே அவங்களுக்குத் தெரியாது.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் இதையும் என் உதட்டில் படித்துவிட்டு, குடையை ஓங்கி மிரட்டினார்.