வளைவில் ஒட்டிய காந்தம்

மேஸ்திரிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். பொய். அவருக்குக் கோபம் நாக்கு நுனியில். மூக்கு சிவப்பதற்குள் வார்த்தை வெளியே வந்துவிடும். வந்த வார்த்தை யார் தலையில் போய் விழுந்தது என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

கடலுக்குப் பக்கத்தில் ஒரு டீச்சருக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். வெளியே ஒரு செங்கல் சுவர், உள்ளே ஒரு சுவர், நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. இரண்டு சுவரையும் ஒன்றோடொன்று பிடித்து நிறுத்த உலோகப் பட்டைகள் பதிக்க வேண்டும். ஜன்னல்களுக்கு மேலே செங்கல்லைத் தாங்க, தகட்டை மடித்துச் செய்த லிண்டல்கள்.

"துத்தநாகம் பூசினது போதாதா?" என்று டீச்சர் கேட்டார்.

"போதாதுங்க. உப்புக் காத்து பூச்சைத் தின்னுடும். உள்ள இருக்கிற இரும்பு துருப்பிடிச்சா உப்பும். உப்பினா ஜன்னல் தலையில விரிசல் விடும். சுவருக்குள்ள போனதை எடுத்துப் பாக்கவா முடியும்? எவர்சில்வர்தான் போடணும்."

அவர் சொன்னதெல்லாம் சரிதான். சரியாகச் சொல்கிறவர்களுக்குத் தாங்கள் எப்போதுமே சரி என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. கேடு அங்கேதான் ஆரம்பம்.

சரக்குக்கு மனைவியின் தம்பியிடமே ஆர்டர் கொடுத்தார். அவன் கடை போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முதல் பெரிய ஆர்டர் இதுதான். அக்காள் சிபாரிசு செய்தாள், மேஸ்திரியும் ஏதோ மலையைத் தூக்கிக் கொடுத்ததுபோல் கொடுத்தார்.

சரக்கு வந்து இறங்கியபோது டீச்சர் இருந்தார், கொத்தனார்கள் இருந்தார்கள், பக்கத்து மனையில் வீடு கட்டும் காண்டிராக்டரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். மேஸ்திரி சாவிக்கொத்தில் மாட்டியிருந்த காந்தத்தை எடுத்தார். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் எவர்சில்வர். இந்த விஷயத்தில் அவருடைய படிப்பு அவ்வளவுதான். லிண்டலின் நடுவில் வைத்தார். நழுவியது. தகடு மடிந்த வளைவில் வைத்தார். லேசாக ஒட்டியது.

"என்னடா இது?"

"மாமா, வளைச்ச இடத்துல கொஞ்சம்..."

"வாயை மூடு! சொந்தக்காரன்னு நம்பினா என் தலையிலயே இரும்பைக் கட்டுறியா? திருட்டுப் பய! எடுத்துட்டுப் போ எல்லாத்தையும்!"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. சரக்கை வண்டியில் திரும்ப ஏற்றினான். காண்டிராக்டர் அவனிடம் சொல்லி வைத்திருந்த ஆர்டரை அங்கேயே வேண்டாம் என்றார். ஆர்டர் சொல்லியிருந்த வேறு இரண்டு பேரும் அந்த வாரமே நழுவிக்கொண்டார்கள். கடை ஈ ஓட்டியது.

மேஸ்திரி வேறு கடையில் பட்டைகள் வாங்கினார். தட்டையான பட்டைகள். ஒன்றில்கூடக் காந்தம் ஒட்டவில்லை. சாந்தில் நன்றாகப் பிடிக்கட்டும் என்று ஒன்றின் நுனியைக் குறடால் முறுக்கினார். சும்மா இருக்கிற கையா அது? முறுக்கிய இடத்தில் காந்தத்தை வைத்தது. ஒட்டியது.

இன்னொன்றை எடுத்தார். முதலில் காந்தத்தை வைத்துப் பார்த்தார், நழுவியது. முறுக்கினார், வைத்தார், ஒட்டியது. உலோகம் அதேதான். வளைத்ததால் வந்த வினை. 'வளைச்ச இடத்துல கொஞ்சம்' என்று மச்சான் பாதியில் விட்டதன் மீதி இப்போதுதான் புரிந்தது. உடம்பெல்லாம் கூசியது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்தபோதுதான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நேரே மச்சான் கடைக்குப் போனார். கடையில் ஒரு ஈ காக்கை இல்லை. அவன் எழுந்து நின்று, "வாங்க மாமா, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"அன்னிக்கு ஏதோ தப்பா நெனச்சுட்டேன். மனசுல வச்சுக்காத" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"சரி மாமா. ஆனா இந்தக் கடையில வச்சு யாரும் என்னைத் திருடன்னு சொல்லலையே."

அவன் குரலை உயர்த்தவே இல்லை.

மறுநாள் வேலையிடத்தில் எல்லாரையும் கூப்பிட்டார். காண்டிராக்டரையும் ஆள் விட்டு வரவழைத்தார். "என் மச்சான் சரக்கு சுத்தமான சரக்கு. வளைச்ச எடத்துல எவர்சில்வரும் காந்தத்துல கொஞ்சம் ஒட்டும். எனக்குத் தெரியல. தெரியாமலே அவனைத் திருடன்னு சொல்லிட்டேன்."

காண்டிராக்டர் சிரிப்பை அடக்க இருமினார். கொத்தனார்கள் மேஸ்திரி முகத்தைப் பார்க்காமல் சாந்துச் சட்டியைப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும், "உங்க மச்சான் அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தாரே. அதைக் கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு அதே லிண்டல்களைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.

மேஸ்திரி மானம் போன முகத்தோடு வீட்டுக்கு வந்தார். ஆனாலும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அவள் கையிலிருந்த துணியை மடிக்காமல் அப்படியே வைத்துவிட்டாள்.

"நீங்க வந்து சொன்ன அன்னிக்கே அவனுக்குப் போன் பண்ணினேன். என் புருஷன் சோத்துலயே மண்ணைப் போட்டியேடா, இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதன்னேன்."

அவருக்கு இது தெரியாது.

"அழுதான். அப்பவும் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. நீங்க நாலு பேர் முன்னாடி சொன்னீங்க, அந்த நாலு பேர்கிட்டயே திருப்பிச் சொல்லிட்டீங்க. நான் சொன்னது அவன் ஒருத்தன் காதுல விழுந்தது. அதை நான் எப்படித் திருப்பி எடுக்கறது?"

முகத்தைக் கழுவிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"நானும் வரட்டா?" என்றார் மேஸ்திரி.

"வேணாம். உங்களைப் பாத்தா அவன் எழுந்து நின்னு 'வாங்க மாமா'ம்பான். அப்புறம் அவனால என்மேல கோபப்படக்கூட முடியாது."