மரியசெல்வத்தின் முதுகு

கட்டுமரத்தைக் கரையேற்றும்போது விழுந்து முதுகெலும்பு முறிந்த மரியசெல்வத்துக்கு 1934 தை மாதம் ஆபரேஷன் நடந்தது. சித்திரையில் எலும்பு கூடிவிட்டதென்று டாக்டர் சொன்ன பிறகும் சாந்தோம் குப்பத்துக் குடிசையில் அவன் பாயைவிட்டு எழவில்லை. குனிந்தால் மறுபடி ஒடிந்துவிடும் என்று பயந்தான். பார்க்க வந்தவர்களும், "இனிமே நீ கடலுக்குப் போவ முடியாது நைனா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மனைவி தேசம்மா தண்ணீரைக்கூட அவன் கையில் கொண்டுவந்து கொடுத்தாள்.

டாக்டர் அவளைத்தான் கடிந்துகொண்டார். "எல்லாத்தையும் நீயே செஞ்சா அவன் எப்படிம்மா எழுந்திருப்பான்? சின்னச் சின்ன வேலையாக் கொடு."

மறுநாள் காலை அவள் கூடையில் பாதியளவு மீனை நிரப்பி அவன்முன் வைத்தாள்.

"தலையில தூக்கி வுடுயா. மார்க்கெட்டுக்கு நேரமாவுது."

"ஒடிஞ்சி பூட்டா இன்னா பண்றது?"

"அப்பவும் நான்தானே கீறேன்? தூக்கு."

அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். முழங்காலை மடக்கிக் கூடையை மெதுவாகத் தூக்கி அவள் தலையில் வைத்தான். முதுகு வலித்தது, ஆனால் ஒடியவில்லை.

"நாளைக்கும் நான்தான் தூக்கி வுடுவேன்" என்றான்.

ஆடியில் கரையில் உட்கார்ந்து வலை பின்னத் தொடங்கினான். கடலுக்குப் போகும் தைரியம் வர இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.